மரையும் வட்டப் பிரிப்பும்: கடைசல் இயந்திரத் துல்லியத்தின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கடைசல் இயந்திரத்தில் மரை வெட்டுதலும், வட்டத்தைச் சம பாகங்களாகப் பகுக்கும் வட்டப் பிரிப்பும் தனித்தனிச் செயல்முறைகளாகவே பயிற்றுவிக்கப்படுகின்றன. வரலாற்று நோக்கில் இவ்விரண்டும் ஒரே சிக்கலின் இரு முகங்கள் என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. பிழையுள்ள கருவியைக் கொண்டு அதனினும் பிழை குறைந்த கருவியை உருவாக்குவது எவ்வாறு என்பதே அச்சிக்கல். ஜெஸ்ஸி ராம்ஸ்டன், ஹென்றி மாட்ஸ்லே, ஜோசப் விட்வொர்த் ஆகியோரின் பணிகளும், இல்லப் பட்டறைகளில் புழங்கும் சிறு கடைசல் இயந்திரமும் இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

குறிச்சொற்கள்: கடைசல் இயந்திரம், மரை, வட்டப் பிரிப்பு, மாற்றுப் பற்சக்கரம், தரப்படுத்தல்

முன்னுரை

கடைசல் இயந்திரத்தில் மரை வெட்டும் முறை எளிமையானது. பணிப்பொருளைச் சுழற்றும் சுழல்தண்டும், வெட்டுளியை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ எனப்படும் நெடுந்திருகும் பற்சக்கரங்களால் பிணைக்கப்படுகின்றன. பற்களின் விகிதத்துக்கேற்பப் புரியிடைத் தூரம் அமைகிறது. ஆனால் நெடுந்திருகில் உள்ள பிழை அப்படியே பணிப்பொருளிலும் பதிகிறது. எனவே நல்ல திருகு வெட்ட முன்னரே ஒரு நல்ல திருகு தேவைப்படுகிறது. வட்டப் பிரிப்பிலும் இதே நிலைதான். ஒரு பற்சக்கரத்தைச் சமமாகப் பகுக்க, முன்னரே சமமாகப் பகுக்கப்பட்ட ஒரு வட்டம் வேண்டும். இந்தச் சுழலிலிருந்து கைவினைஞர்கள் வெளியேறிய வழியே துல்லியப் பொறியியலின் வரலாறாகிறது.

ராம்ஸ்டனின் வட்டம்

கடலில் கப்பலின் இருப்பிடத்தைக் கணிக்கப் பயன்பட்ட செக்ஸ்டன்ட் கருவியின் அளவுகோலில் ஏற்படும் சிறு பிழையும் கப்பலைத் திசை தவறச் செய்யவல்லது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இவ்வளவுகோல்கள் பெரும்பாலும் கையாலேயே பகுக்கப்பட்டன. இலண்டனில் கருவி செய்த ராம்ஸ்டன் (1735–1800) இப்பணியை இயந்திரத்துக்கு மாற்றினார். 1770களில் அவர் அமைத்த இரண்டாவது பிரிப்பு இயந்திரத்தின் சக்கரம் 45 அங்குல விட்டமும் 2160 பற்களும் கொண்டது. அதனுடன் பொருந்திய திருகு ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் பாகையில் 10 கலை நகரும். பிரித்தானியத் தீர்க்கரேகை வாரியம் அவருக்கு 615 பவுண்டு வழங்கியது. இயந்திரத்தின் விளக்கத்தை வெளியிடுவதும், பிற கைவினைஞர்களுக்கு அதன் நுட்பத்தைக் கற்பிப்பதும் அதற்கான நிபந்தனைகளாயின. அவ்விளக்கம் 1777ஆம் ஆண்டு வெளிவந்தது.

இங்கு இரு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, வட்டத்தைப் பகுத்தது ஒரு திருகே. அத்திருகை வெட்டத் தனியாக ஓர் இயந்திரத்தையும் ராம்ஸ்டன் செய்ய வேண்டியிருந்தது. அதாவது, வட்டப் பிரிப்பு மரையைச் சார்ந்தே பிறந்தது. இரண்டாவது, சக்கரத்தின் பற்கள் ஒரே முறையில் வெட்டி முடிக்கப்படவில்லை. வெட்டும் திருகு சக்கரத்தைச் சுற்றிப் பலமுறை ஓட்டப்பட்டது. ஒவ்வொரு சுற்றிலும் மிகுந்த இடம் தேய்ந்து, பிழைகள் சக்கரம் முழுவதும் பகிரப்பட்டன. பிழையை முற்றாக நீக்க இயலாத நிலையில் அதனைச் சராசரியாக்கிக் குறைப்பதே அவர் கண்ட வழி.

மாட்ஸ்லேயின் திருகு

மரை வெட்டும் கடைசல் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் மாட்ஸ்லே (1771–1831) எனப் பொதுநூல்கள் கூறுவதுண்டு. இக்கூற்று திருத்தம் வேண்டுவது. ழாக் பெசோன் என்ற பிரெஞ்சுப் பொறியாளரின் நூலிலேயே பதினாறாம் நூற்றாண்டில் மரை வெட்டும் பொறியின் படம் இடம்பெற்றுள்ளது. செனோ என்பவர் 1795இல் செய்த, நெடுந்திருகும் மாற்றுப் பற்சக்கரங்களும் கொண்ட கடைசல் இயந்திரம் பாரிஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அமெரிக்காவில் டேவிட் வில்கின்சன் 1798இல் காப்புரிமை பெற்றார்.

அவ்வாறாயின் மாட்ஸ்லேயின் பங்களிப்பு யாது? ஜோசப் பிராமாவின் பட்டறையில் வாரம் 30 ஷில்லிங் ஊதியம் பெற்ற அவர், ஊதிய உயர்வு மறுக்கப்பட்டதால் 1797இல் வெளியேறித் தனிப் பட்டறை தொடங்கினார். இரும்பாலான உறுதியான தாங்குதளம், நழுவுதாங்கி, நெடுந்திருகு, மாற்றுப் பற்சக்கரங்கள் ஆகியவற்றை ஒன்றிணைத்து, அன்றாடப் பட்டறைப் பயன்பாட்டுக்குரிய இயந்திரமாக ஆக்கியதே அவரது சாதனை. மூலத் திருகைப் பெற, மென்மரத்தாலோ மென் உலோகத்தாலோ ஆன உருளையின்மீது சாய்வாகப் பொருத்திய கத்தியை அழுத்திச் சுழற்றும் முறையை அவர் கையாண்டார். கத்தியின் சாய்வுக்கேற்ப உருளையில் புரி தானே பதிந்தது. கிடைத்தவற்றுள் சிறந்ததைத் தேர்ந்து, திருத்தி, அதிலிருந்து அடுத்த திருகை அவர் வெட்டினார்.

அவர் செய்த புகழ்பெற்ற திருகு 5 அடி நீளமும் 2 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 50 மரைகளும் உடையது. அதற்குரிய 12 அங்குல நட்டில் 600 மரைகள் இருந்தன. ஒரே சமயத்தில் 600 மரைகள் பொருந்துவதால் தனி மரை ஒன்றின் பிழை நகர்வைப் பெரிதும் பாதிப்பதில்லை. ராம்ஸ்டன் வட்டத்தில் செய்ததை மாட்ஸ்லே நேர்கோட்டில் செய்தார் எனலாம்.

விட்வொர்த்: பட்டறையிலிருந்து நாட்டுக்கு

ஒவ்வொரு பட்டறையும் தனக்கெனத் தனி மரை வைத்திருந்ததால், ஓரிடத்து மரையாணிக்கு வேறோரிடத்து நட்டு பொருந்தாதிருந்தது. பழுது நீக்க இயந்திர உரிமையாளர் அதே பட்டறையையே நாட வேண்டியிருந்தது. மாட்ஸ்லேயிடம் பணியாற்றிய விட்வொர்த் (1803–1887), பல பட்டறைகளின் திருகுகளைத் திரட்டி ஒப்பிட்டு, அவற்றின் சராசரியை ஒட்டி 1841இல் சீரான மரை முறையை முன்மொழிந்தார். மரைக்கோணம் 55 பாகை; அரை அங்குல ஆணிக்கு அங்குலத்துக்கு 12 மரைகள். சராசரி என்னும் கருத்து இங்கு உலோகத்திலிருந்து தொழில்துறை உடன்பாட்டுக்கு இடம்பெயர்வது கவனிக்கத்தக்கது.

எனினும் தரப்படுத்தல் ஓர் எல்லையைத் தாண்டவில்லை. 1864இல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ், வெட்டவும் அளக்கவும் எளிதான 60 பாகையை முன்வைத்தார். அவரது முறையில் அரை அங்குல ஆணிக்கு 13 மரைகள். இவ்வேறுபாட்டின் விலை இரண்டாம் உலகப்போரில் தெரிந்தது. நேச நாடுகளின் படைக்கலன்களுக்கு உதிரிப்பாகங்களை மாற்றிக்கொள்வது இடர்ப்பாடாயிற்று. 1948இல் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகியவை 60 பாகை கொண்ட ஒருங்கிணைந்த மரையை ஏற்றன.

இல்லப் பட்டறையில் எஞ்சிய வரலாறு

போருக்குப் பின் பிரித்தானிய இல்லப் பட்டறைகளில் பரவிய மைஃபோர்ட் எம்.எல்.7 போன்ற சிறு கடைசல் இயந்திரங்களில் இவ்வரலாறு செயல்வடிவில் எஞ்சியுள்ளது. அதன் நெடுந்திருகில் அங்குலத்துக்கு 8 மரைகள். புரியிடைத் தூரம் 3.175 மி.மீ. இதில் 1.5 மி.மீ. மரை வெட்ட 60க்கு 127 என்ற விகிதம் தேவை. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. என 1959இல் உறுதிசெய்யப்பட்டது. அதிலிருந்து எழும் 127 ஒரு பகா எண். எனவே 127 பற்களோ அதன் மடங்கோ கொண்ட சக்கரமின்றித் துல்லியமான விகிதம் அமையாது. அத்தகைய பெரிய சக்கரத்துக்கு இடமில்லாதபோது 30க்கு 63 என்ற தோராய விகிதம் பயன்படும். இதனால் ஒவ்வொரு மரையிலும் ஏறத்தாழ 0.012 மி.மீ. பிழை சேரும். எட்டு மரை கொண்ட நட்டில் இது பொறுக்கத்தக்கது. 300 மி.மீ. நீளத் திருகிலோ பிழை 2 மி.மீ.க்கு மேல் வளர்ந்துவிடும்.

அதே மாற்றுப் பற்சக்கரம் வட்டப் பிரிப்புக்கும் உதவுகிறது. 60 பற்கள் கொண்ட சக்கரத்தைச் சுழல்தண்டில் பொருத்தி, பல்லிடையில் நிறுத்தூசியை இருத்தினால் 2, 3, 4, 5, 6, 10, 12 எனப் பல சம பாகங்கள் கிடைக்கும். இரட்டைத் தொடக்க மரையில் இரு செயல்முறைகளும் ஒன்றிணைகின்றன. முதல் மரையை வெட்டியபின், நெடுந்திருகை அசைக்காமல் சுழல்தண்டை மட்டும் மிகச் சரியாக அரைச் சுற்றுத் திருப்பி இரண்டாவதை வெட்ட வேண்டும். இங்கு மரை வெட்டுவதற்கு வட்டத்தைப் பகுத்தே ஆகவேண்டும்.

முடிவுரை

மரையும் வட்டப் பிரிப்பும் ஒன்றையொன்று சார்ந்து வளர்ந்தவை. துல்லியம் ஒரு தனிமனிதரின் கண்டுபிடிப்பன்று. பிழைகளைப் பகிர்ந்து, சராசரியாக்கி, ஒரு திருகிலிருந்து அடுத்த திருகுக்குக் கையளிக்கப்பட்ட மரபு. முதற் கண்டுபிடிப்பாளர் யார் என்ற வினாவைவிட, அந்தத் துல்லியம் யார் கைகளுக்கு எட்டியது என்ற வினாவே தொழில்நுட்ப வரலாற்றுக்குப் பயன் தருவது. ராம்ஸ்டனுக்கு விதிக்கப்பட்ட கற்பித்தல் நிபந்தனையும், விட்வொர்த்தின் பொது மரையும் அவ்வினாவுக்கான தொடக்கக்கால விடைகள். சந்தையில் கிடைக்காத பழைய மரையை வீட்டிலேயே வெட்டி, கைவிடப்பட்ட இயந்திரத்தை மீண்டும் இயங்கச் செய்யும் இல்லப் பட்டறையாளர் அவ்விடையின் தொடர்ச்சியாவார்.