ஆர்க்காடியா

கிரேக்க நாட்டின் தென்பாகமாகிய பெலொப்பொனேசஸ் தீபகற்பத்தின் நடுவே, நாற்புறமும் மலைகள் சூழ அமைந்திருந்த பண்டைய மேட்டுநிலப் பிரதேசம். வடக்கே கில்லேனே, எரிமாந்தஸ் மலைகளும், தென்மேற்கே லிக்கேயன் மலையும் உயர்ந்து நிற்க, அல்பேயஸ் நதி மேற்கு நோக்கிப் பாய்ந்து கடலை அடைந்தது; மாந்தினேயா, தெகேயா என்னும் நகரங்கள் அமைந்த கீழ்ப்புறச் சமவெளி நீங்கலாக, உழவுக்கு ஏற்ற நிலம் அரிது. ஆடும் பன்றியும் மேய்ப்பதே பெரும்பாலோர் ஜீவனம். ஹோமர் இலியத்தில் ஆர்க்காடியப் படையைக் கூறுமிடத்து, கடலறியாத அம்மக்களுக்கு டிராய் செல்ல அகமெம்னானே 60 கப்பல்களை அளித்தான் என்பர்.

தங்கள் குலம் சந்திரன் தோன்றுவதற்கு முற்பட்டது என்பது ஆர்க்காடியரின் பெருமிதம். ஹெரோதோதஸும் அவர்களை, வேறெங்கிருந்தும் வந்தேறாத ஆதிகுடிகள் என்றே கொள்கிறார். ஆட்டுக்கால் தெய்வமாகிய பானும், கில்லேனே மலைக் குகையில் பிறந்த ஹெர்மீஸும் இந்நாட்டுக்கே உரியோர். ஸீயஸுக்கு நரமாமிசம் படைத்த லிக்காவோன் என்னும் அரசன் ஓநாயாக மாறிய கதையும், அவன் மகள் கல்லிஸ்டோ கரடியாகிப் பின் வானத்தில் நக்ஷத்திரமான கதையும் இங்கே நிகழ்ந்தனவாகவே சொல்லப்படும். லிக்கேயன் மலையுச்சியில், மண் குவித்து எழுப்பிய பலிபீடத்தருகே புகத்தகாத எல்லை ஒன்று இருந்ததென்றும், விதியை மீறி அதனுள் நுழைந்தவன் ஓராண்டுக்குள் இறப்பது திண்ணமென்றும், அங்கே மனிதருக்கோ விலங்குக்கோ நிழல் விழாதென்றும் எழுதிய பௌசானியஸ், அப்பீடத்தில் நடந்த ரகசிய வேள்வியைத் துருவி ஆராய மனமொவ்வாமல் விட்டுவிடுகிறார். கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்த இவரது கிரேக்க வர்ணனையின் எட்டாம் பகுதி முழுதும் ஆர்க்காடியாவைப் பற்றியதாகும்.

இந்நாட்டைக் கைப்பற்ற விழைந்த ஸ்பார்த்தர், டெல்பியில் குறி கேட்டபோது, கருவாலிக் கொட்டை தின்னும் வலிய மனிதர் அங்கே பலர் உளர், ஆதலால் முழுநாடும் கிட்டாது, தெகேயாவின் சமவெளியை மட்டும் கயிற்றால் அளக்கலாம் என்று தெய்வவாக்கு எழுந்தது. அதனை வெற்றியின் அறிகுறியாகக் கருதிய ஸ்பார்த்தர், தோற்கப்போகும் தெகேயர்களைப் பூட்டுவதற்கென விலங்குகளைக் கையோடு கொண்டுசென்று, தாமே தோற்றுச் சிறைப்பட்டு, அவ்விலங்குகளையே பூண்டு, அந்நிலத்தைக் கயிற்றால் அளந்து உழைக்கலாயினர். அவ்விலங்குகள் தெகேயாவில் அதேனா அலேயாவின் ஆலயத்தில் தம் காலத்திலும் தொங்கிக்கொண்டிருந்தன என்கிறார் ஹெரோதோதஸ். ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகள் கழித்து அங்கே சென்ற பௌசானியஸ், துருப்பிடித்து அழிந்தவை போக எஞ்சியவற்றைக் குறிப்பிடுகிறார்.

ஆர்க்காடியரின் இயல்பை உள்ளிருந்து எழுதியவர், மெகலோப்பொலிஸில் பிறந்த பொலிபியஸ் ஒருவரே எனலாம். கடுங்குளிரும் ஓயாத உடலுழைப்பும் மக்களின் மனத்தைக் கரடாக்கிவிடும் என்றுணர்ந்த முன்னோர், அதனைத் தணிக்கும் மருந்தாகச் சங்கீதத்தை நாட்டின் நியமமாக்கினர் என்பது அவரது சித்தாந்தம். சிறுவர்கள் தத்தம் ஊர்த் தெய்வங்களையும் வீரர்களையும் போற்றும் பாடல்களை இளமையிலேயே பயின்றனர்; முப்பது வயதுவரை இப்பயிற்சி கட்டாயம்; வேறெந்தக் கலையை அறியேன் என்று சொல்வதிலும் ஒருவனுக்கு இழுக்கில்லை, பாட அறியேன் என்பது மட்டும் அங்கே பெருங்குறை. நாட்டில் மிகக் கடுமையான குளிர் நிலவிய கினைதா நகரத்தார் இந்நியமத்தைக் கைவிட்டதனாலேயே உட்பகையும் படுகொலையும் மலிந்து சீரழிந்தனர் என்றும், அவர்களுடைய தூதர்கள் கடந்துசென்ற பின் மாந்தினேயர்கள் பலிகொடுத்துத் தம் நகரைச் சுத்தி செய்தனர் என்றும் அவர் கூறுவதில், தாய்நாட்டுப் பற்று சற்று மிகுந்திருப்பினும், காரணம் நாடும் அறிவு குன்றவில்லை.

வறுமை காரணமாக இளைஞர் பலர் அயல்நாடுகளில் கூலிப்படையினராயினர். ஜெனொபோன் வரலாறெழுதிய, பாரசீகத்தின்மீதான படையெடுப்பில் கலந்துகொண்ட கிரேக்கருள் பாதிக்கு மேற்பட்டோர் ஆர்க்காடியரும் அக்கேயருமே. கி.மு. 371இல் ஸ்பார்த்தா லியூக்த்ராப் போரில் வீழ்ந்தபின், பொலிபியஸ் பிறந்த மெகலோப்பொலிஸ் ஆர்க்காடியரின் நகராக நிறுவப்பெற்றது.

கவலையற்ற இடையர் குழலூதிக் காதற்பாட்டுப் பாடும் இன்பவெளியாக இந்நாடு உருமாறியது ரோமானியக் கவி வர்ஜிலின் கைவண்ணமே. முல்லைப்பாட்டுக்கு முதல்வராகிய தியோக்ரிதஸ் தம் இடையர்களைப் பெரும்பாலும் தாம் பிறந்த சிசிலியிலேயே உலவவிட்டார். கி.மு. முதல் நூற்றாண்டில் தோன்றிய வர்ஜிலின் பத்து ஆயர் பாடல்களில் ஏழாவதோ, இத்தாலியின் மின்சியஸ் ஆற்றங்கரையில் ஆர்க்காடியர் இருவரைப் போட்டிக்குப் பாடவைக்கிறது. பத்தாவது, காதலில் நொந்த நண்பர் கல்லஸை மைனலஸ் மலைச்சாரலில் கிடத்திப் பானையும் ஆட்டுமந்தையையும் அவரைச் சூழ நிறுத்துகிறது. ஓநாயும் பலிபீடமும் அப்பாடல்களில் மறைந்தன. பொலிபியஸ் கடுமைக்கு மருந்தெனக் கண்ட இசை மட்டும் எஞ்சி, அந்நாட்டின் இயற்கையாகவே கொள்ளப்பட்டது. 1504இல் வெளிவந்த சன்னசாரோவின் இத்தாலிய நூலும், 1590இல் அச்சேறிய சிட்னியின் ஆங்கில நூலும் ஆர்க்காடியா என்னும் பெயரையே தாங்கின.

இக்காலத்தில் இப்பெயர் கொண்ட நிர்வாகப் பகுதி, பண்டைய எல்லையைக் கடந்து கிழக்கே கடற்கரைவரை பரவியுள்ளது, தலைநகர் திரிப்பொலி.