மருத்துவர் இல்லாத ஊரில் பிரசவம்: தாயையும் சேயையும் காப்பது யார்?

நள்ளிரவு. உங்க அக்காவுக்குப் பிரசவ வலி வருது. என்ன செய்வீங்க? கைபேசியில் வாடகைக் காரை அழைப்பீர்கள். கொஞ்ச நேரத்தில் மருத்துவமனைக்குப் போயிடலாம்.

சரி, பக்கத்தில் மருத்துவரே இல்லாத ஊரா இருந்தா?

அந்தக் கேள்விக்கு விடை தேடிய ஓர் இடம் ஜாம்கேட். இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில், அடிக்கடி வறட்சி தாக்கும் பகுதி அது.

மூன்று தாமதங்கள்

பிரசவத்தில் தாய்மார்கள் உயிரிழப்பதற்கு மூன்று வகைத் தாமதங்கள் காரணமாகலாம் என்கின்றனர் பொதுச் சுகாதார நிபுணர்கள்.

- மருத்துவமனைக்குப் போகலாமா என்று வீட்டில் முடிவெடுப்பதில் தாமதம்
- அங்கே போய்ச் சேர்வதில் தாமதம்
- சேர்ந்த பிறகு சரியான சிகிச்சை கிடைப்பதில் தாமதம்

மருத்துவமனையைக் கட்டினால் மட்டும் முதல் தாமதம் தீர்ந்துவிடாது. வீட்டுக்குள் நடப்பது அது.

திண்டிவனத்தில் ஓர் இரவு

1890களில் தமிழகத்தின் திண்டிவனம். ஒரே இரவில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஒருவரின் வீட்டுக்கு வந்தனர். மூவரின் மனைவிக்கும் பிரசவச் சிக்கல். ஆனால் ஆண் மருத்துவர் வேண்டாம், அவருடைய மகள்தான் வரணும் என்றனர். மகள் ஐடா ஸ்கடருக்கு மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோயினர்.

அதன் பிறகு ஐடா மருத்துவம் படித்தார். 1900இல் வேலூரில் சிறிய மருந்தகம் ஒன்றைத் தொடங்கினார். 1918இல் அங்கே பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. அதுதான் இன்றைய வேலூர் சிஎம்சி.

ஜாம்கேட் என்ன செய்தது?

சிஎம்சியில் படித்த தம்பதியர் ரஜனிகாந்த் அரோலே, மேபல் அரோலே. முதலில் ஒரு மிஷன் மருத்துவமனையில் வேலை பார்த்தனர். குணமாகிப் போனவர்கள் அதே நோயோடு திரும்பி வந்தனர். காரணம் அழுக்குத் தண்ணீர், பட்டினி, வறுமை. அதற்கு மாத்திரை மட்டும் போதுமா?

1970இல் இருவரும் ஜாம்கேட்டில் கிராமச் சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கினர். கிராமத்தினரே தங்களில் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்தான் கிராமச் சுகாதாரப் பணியாளர். பலர் பள்ளிக்கூடம் போகாதவர்கள். ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்களும் உண்டு. பயிற்சி பெற்றுத் தங்கள் ஊரிலேயே வேலை செய்தனர்.

அவர்கள் செய்யும் வேலை பார்க்கச் சின்னதுதான்:

- கர்ப்பிணியைத் தவறாமல் பார்ப்பது. கடுமையான தலைவலி, முக வீக்கம், மங்கலான பார்வை இருந்தால் ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். உடனே அனுப்ப வேண்டும்.
- பிரசவத்தில் சுத்தமான கை, சுத்தமான பிளேடு, தொப்புள்கொடி கட்டச் சுத்தமான நூல். தாய்க்குத் தடுப்பூசியும் போட்டிருந்தால் பச்சிளங்குழந்தையை ரணஜன்னி நெருங்காது.
- குழந்தையை மாதாமாதம் எடை பார்ப்பது. எடை ஏறாவிட்டால் சாப்பாட்டைக் கவனிப்பது.
- வயிற்றுப்போக்கு வந்தால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு மட்டமாக இருக்கணும், உப்பு கூடக்கூடாது.

மருமகளை மருத்துவமனைக்கு அனுப்பத் தயங்கும் மாமியாரிடம் பேசுவதும் இவர்தான். வெளியாள் சொன்னால் கேட்காதவர்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் கேட்பார்கள். முதல் தாமதம் குறைவது அங்கேதான்.

பலன் கிடைத்ததா?

திட்டத்தின் கணக்குப்படி, 1971இல் அங்கே பிறந்த ஒவ்வோர் 1,000 குழந்தைகளில் 176 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 1990களில் அது 30க்கும் கீழே இறங்கியது. 1979இல் அரோலே தம்பதியருக்கு மகசேசே விருது கிடைத்தது.

அப்போ மருத்துவமனையே வேண்டாமா?

வேணும். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு கடுமையானால் சில மணி நேரத்தில் உயிர் போகலாம். அப்போது மருந்து, ரத்தம், அறுவை சிகிச்சை எல்லாம் தேவை. கிராமத்துப் பணியாளரால் அதைச் செய்ய முடியாது. அதனால்தான் ஜாம்கேட்டில் மருத்துவமனையும் இருக்கிறது.

ஆபத்தை முதலில் கண்டுபிடிக்க ஊருக்குள் ஒருவர், சிகிச்சை கொடுக்க ஒரு மருத்துவமனை, நடுவே ஒரு வண்டி. இதில் எது இல்லாவிட்டாலும் தாயும் சேயும் ஆபத்தில்தான்.