ஏழு நாள் முகாமும் அதன் பொறுப்பாளரும்

சாரணர் இயக்க நிறுவனர் பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் இருபது சிறுவரை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணியையும் அதிலுள்ள மூத்த சிறுவன் ஒருவனின் பொறுப்பில் விட்டு ஒரு வாரம் நடத்திய முகாம், பெரியவர் எங்கே விலகி நிற்க வேண்டும் என்பதற்கு முன்மாதிரியாயிற்று. இந்திய மாணவரைச் சேர்க்கச் சாரணர் அமைப்பு தயங்கிய காலத்தில், அன்னி பெசன்ட் சென்னையில் இந்தியச் சிறுவருக்கெனத் தனிச் சங்கம் கண்டார்.

முகாம் வாழ்க்கையைக் கல்லூரிகளில் பரவலாக்கியது, காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டமே ஆகும். இதன் நடைமுறையில், தத்தெடுத்த கிராமத்தில் மாணவர் ஏழு நாள் தங்கி உழைப்பது 'சிறப்பு முகாம்' எனப்படும்; அதை நடத்தும் ஆசிரியரே 'திட்ட அலுவலர்'. பாடம் நடத்திப் பழகிய அவருக்கு இவ்வேலை எளிதன்று. ஊராட்சித் தலைவரை முன்கூட்டியே கண்டு தங்குமிடமும் குடிநீரும் உறுதிசெய்து, காலை உடலுழைப்பையும் மாலைக் கருத்துரையையும் வகுத்து, இரவில் மாணவருடனேயே தங்கும் அவர், சமையல் முறையையும் கணக்கையும் மாணவர் குழுக்களிடமே ஒப்படைக்க வேண்டும். நடைமுறையில் பலர் ஒப்படைக்கத் தயங்குவது கணக்கைத்தான். மாணவியர் இருப்பின் ஆசிரியை ஒருவரும் உடன் தங்குவது அவசியம்.