டச்சஸின் கடன் கணக்கு

1876 மே மாதம் லண்டனில் ஓர் ஓவியம் ஏலத்துக்கு வந்தது. பெரிய தொப்பி வைத்த ஒரு பெண்ணின் படம். வரைந்தவர் தாமஸ் கெய்ன்ஸ்பரோ. ஆக்னியூ என்ற ஓவிய வியாபாரிகள் பத்தாயிரம் கினிக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். அதுவரை இங்கிலாந்தில் எந்த ஓவியமும் ஏலத்தில் அந்த விலைக்குப் போனதில்லையாம். அதே மாதக் கடைசியில் ஆடம் வொர்த் என்ற பலே திருடன் ராத்திரியில் ஜன்னல் வழியாகப் புகுந்து, படத்தைச் சட்டத்திலிருந்து வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டான். 25 வருடம் தன்னிடமே வைத்திருந்துவிட்டு, 1901-ல் சிகாகோவில் திருப்பிக் கொடுத்தான். திருடனைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். ஆனால் எனக்கு ஆர்வம் படத்தில் இருக்கும் பெண்ணின் மேல். ஏனென்றால் படம் அந்த விலைக்குப் போனது. அவரோ வாழ்நாள் முழுக்கக் கடன்காரர்களுக்குப் பயந்து வாழ்ந்தார்.

அவர் பெயர் ஜார்ஜியானா, டெவன்ஷயரின் டச்சஸ். 1757-ல் ஸ்பென்சர் குடும்பத்தில் பிறந்தவர். (ஆமாம், இளவரசி டயானாவின் அதே ஸ்பென்சர் குடும்பம்தான். டயானா இவருடைய தம்பியின் வழியில் வந்தவர்.) 1774 ஜூன் மாதம், தன் 17-வது பிறந்தநாளையொட்டி, ஐந்தாம் டெவன்ஷயர் ட்யூக் வில்லியம் கேவண்டிஷை மணந்தார். மாப்பிள்ளைக்கு வயது 25. இங்கிலாந்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். டெர்பிஷயரில் சாட்ஸ்வொர்த் மாளிகை, லண்டன் பிக்காடில்லியில் டெவன்ஷயர் ஹவுஸ். பணம் இருந்தது, பேச்சு இல்லை. மனைவியைவிட சீட்டாட்டத்திலும் தன் நாய்களிடத்திலும்தான் அவருக்குப் பிரியம் அதிகம் என்று ஊரே பேசிக்கொண்டது. கல்யாணம் நடந்த அதே வருடத்தில் அவருக்கு வேறொரு பெண்ணிடம் ஒரு மகள் பிறந்திருந்தாள். பின்னால் அந்தக் குழந்தையையும் ஜார்ஜியானாதான் வளர்த்தார்.

வீட்டில் கிடைக்காதது வெளியில் நிறையவே கிடைத்தது. தலைமுடியை இரண்டு மூன்று அடி உயரத்துக்குக் கோபுரம் மாதிரி கட்டி, உச்சியில் தீக்கோழி இறகு செருகிக்கொண்டு வந்தார். உடனே லண்டன் சீமாட்டிகள் எல்லோருக்கும் தீக்கோழி இறகு தேவைப்பட்டது. இன்று என்ன உடுத்தினார், யாரோடு பேசினார் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. சும்மா அழகுப் பதுமை என்று நினைத்துவிட வேண்டாம். கவிதை எழுதினார், அரசியல் பேசினார், பிற்காலத்தில் கனிமக் கற்களைச் சேகரித்துப் படித்தார்.

1784 தேர்தல்தான் அவர் வாழ்க்கையின் உச்சம் என்று நான் நினைக்கிறேன். கிழக்கிந்தியக் கம்பெனியைக் கட்டுப்படுத்த சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் கொண்டுவந்த மசோதாவை அரசர் மூன்றாம் ஜார்ஜ் பிரபுக்கள் சபையில் தோற்கடிக்க வைத்தார். அதோடு ஃபாக்ஸின் அரசும் கவிழ்ந்தது. அடுத்து வந்த தேர்தலில் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியில் ஃபாக்ஸ் நின்றார். இரண்டு இடம், மூன்று வேட்பாளர்கள், 40 நாள் வாக்குப்பதிவு! ஓட்டுரிமை இல்லாத ஜார்ஜியானா தெருத் தெருவாக இறங்கி, கடைக்காரர்களிடம் ஃபாக்ஸுக்கு ஓட்டுக் கேட்டார். ஒரு கசாப்புக்காரருக்கு முத்தம் கொடுத்து ஓட்டு வாங்கினார் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கிளப்பிவிட்டார்கள். கேலிச்சித்திரங்கள் கடைகளில் தொங்கின. சில படங்களைப் பற்றி இங்கே எழுதவே கூசுகிறது. பிரச்சாரத்துக்குப் போன ஆண்கள் யாரையும் அப்படி வரையவில்லை. மனம் நொந்து நடுவிலேயே அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். கட்சிக்காரர்கள்தான் கெஞ்சிக் கூத்தாடித் திரும்ப வரவழைத்தார்கள். ஃபாக்ஸ் இரண்டாவதாக வந்து ஜெயித்தார்.

சரி, கடன் விஷயத்துக்கு வருகிறேன். காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் எனக்கு இந்தப் பகுதிதான் அதிகம் பிடித்தது.

அந்தக் காலத்துப் பிரபுக் குடும்பங்களில் சூதாட்டம் ஒரு வியாதி. ஃபாரோ என்ற சீட்டாட்டத்தில் ஒரே இரவில் எஸ்டேட்டுகள் கைமாறின. ஃபாக்ஸே பெரிய சூதாடி. ஜார்ஜியானாவுக்குக் கைச்செலவுக்கென்று வருடத்துக்கு 4,000 பவுண்ட் வந்தது. அது அன்றைக்கு ஒரு பெரிய குடும்பம் ராஜபோகமாக வாழப் போதுமான பணம். ஆனாலும் கல்யாணமாகி இரண்டே வருடத்தில் 3,000 பவுண்ட் கடன். பெற்றோர் அடைத்துவிட்டு, "கணவனிடம் சொல்லிவிடு" என்றார்கள். சொன்னார். ட்யூக் கோபிக்காமல் மாமனாருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அத்தோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி மணமான பெண்ணுக்குக் கணவனை விட்டுத் தனியாகச் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமை பெரும்பாலும் கிடையாது. 1870, 1882 சட்டங்கள் வந்த பிறகுதான் அது மாறியது. சூதாட்டக் கடனோ கோர்ட்டில் செல்லாது. அது "கௌரவக் கடன்". கோர்ட்டில் செல்லாது என்பதாலேயே அதைத்தான் முதலில் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மானம் போய்விடும். ஆக, சொத்துப் பக்கத்தில் அவர் பெயரில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பொறுப்புப் பக்கம் மட்டும் நிரம்பிக்கொண்டே போனது.

அப்படியானால் யார் கடன் கொடுத்தார்கள்? கணக்குப்பதிவியலில் "நற்பெயர்" என்பதையும் சொத்தாகக் காட்டுவோம் அல்லவா, அதை நம்பித்தான் கொடுத்தார்கள். புகழ்பெற்ற வங்கியாளர் தாமஸ் கூட்ஸ் நல்ல உதாரணம். அவருக்கு மூன்று மகள்கள். அவர்கள் உயர்குடி வட்டத்துக்குள் நுழைய டச்சஸின் தயவு வேண்டும். அவருக்குப் பணம் வேண்டும். கூட்ஸ் கடனும் கொடுத்தார், சூதாடாதீர்கள் என்று கடிதத்தில் புத்தியும் சொன்னார். (அந்த மகள்கள் பின்னால் ஒரு ஏர்ல், ஒரு மார்க்வெஸ், ஒரு பேரனெட் என்று மூன்று பட்டக்காரர்களைக் கட்டிக்கொண்டார்கள். கூட்ஸ் நஷ்டப்பட்டார் என்று சொல்ல முடியாது!)

பழைய கடனை அடைக்கப் புதுக் கடன். மொத்தம் எவ்வளவு என்று யாரிடமும் முழுசாகச் சொல்லவில்லை. அம்மாவிடம் ஒரு தொகை, கூட்ஸிடம் ஒரு தொகை, கணவனிடம் இன்னொரு தொகை. ஒரே கடனுக்கு மூன்று பேரேடு, மூன்று மொத்தம். படிக்கும்போது எரிச்சலாக வரும். ஒரு தடவை உட்கார்ந்து கூட்டிப் பார்த்திருக்கக் கூடாதா? ஆனால் அவர் எதற்குப் பயந்தார் என்று பார்த்தால் எரிச்சல் கொஞ்சம் குறைகிறது. 1782 முதல் எலிசபெத் ஃபாஸ்டர் என்ற தோழி அதே வீட்டில் தங்கியிருந்தார். ஜார்ஜியானாவின் உயிர்த்தோழி, ட்யூக்குக்குக் காதலி. இவருக்கோ இரண்டும் பெண்கள். வாரிசு 1790-ல்தான் பிறந்தது. கடனைக் காரணம் காட்டிப் பிரிந்துவிடலாமா என்ற பேச்சு வீட்டில் ஒருமுறைக்கு மேல் எழுந்தது.

பெரிய அடி கடனால் வரவில்லை. சார்லஸ் கிரே என்ற இளம் எம்.பி.யோடு காதல், 1791-ல் கர்ப்பம். ட்யூக்குக்கு வெளியில் பிள்ளைகள் இருந்ததை யாரும் கேட்கவில்லை. மனைவிக்கு மட்டும் கெடு: கிரேயை விடு, இல்லையென்றால் உன் மூன்று குழந்தைகளையும் மறந்துவிடு. குழந்தைகள் மேல் சட்டப்படி உரிமை அப்பாவுக்குத்தான். அவர் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார். 1792 பிப்ரவரியில் பிரான்சில் எலிசா பிறந்தாள். அவளைக் கிரேயின் பெற்றோரிடம் கொடுத்துவிட்டார்கள். ஜார்ஜியானா 1793-ல்தான் லண்டன் திரும்ப முடிந்தது. மூன்று வயது மகனுக்கு அம்மாவை அடையாளம் தெரியவில்லை. கிரே 1830-ல் பிரதமர் ஆனார். ஏர்ல் கிரே என்ற டீ அவர் பெயரில்தான் இருக்கிறது. ஒரே சம்பவம், இரண்டு பேருக்கு எப்படி வெவ்வேறு முடிவு பாருங்கள்.

1796-ல் கண்ணில் வந்த நோய் முகத்தை உருக்குலைத்தது. ஒரு கண்ணில் பார்வையும் போனது. இறகு வைத்துக்கொண்டு வந்த பெண் அதன் பிறகு கூட்டங்களைத் தவிர்த்தார். கடன் மட்டும் விடவில்லை. 2008-ல் வந்த "தி டச்சஸ்" படத்தில் கீரா நைட்லி நன்றாக நடித்திருந்தார். ஆனால் இந்தக் கடன் தொல்லையைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டார்கள் என்பது என் வருத்தம்.

1806 மார்ச் 30-ம் தேதி, 48 வயதில், ஈரல் நோயால் டெவன்ஷயர் ஹவுஸில் இறந்தார். அதன் பிறகுதான் மொத்தக் கடனும் ட்யூக்கின் முன் வந்தது. முப்பது வருடமாக அவர் நடுங்கி நடுங்கி மறைத்த தொகை. அதைப் பார்த்துவிட்டு ட்யூக் கேட்டதாகச் சொல்லப்படுவது இதுதான்: "அவ்வளவுதானா?"