மாற்றுத்திறனாளிகளின் கல்வி, உத்தியோக உரிமைச் சட்டங்கள்: தஞ்சை வட்டாரம்

உடற்குறையுடையோரின் கல்வியும் ஜீவனமும் பிறர் தயவைச் சார்ந்திராமல் உரிமையாதல் வேண்டும் என்ற கொள்கை, இந்தியாவில் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருப்பெற்றது; அச்சட்டம் அரசு உத்தியோகங்களில் 3 சதவீத இடங்களை ஒதுக்கியது. அதனிடத்தில் வந்து, 2017 ஏப்ரல் 19 முதல் அமலிலுள்ள 2016ஆம் ஆண்டுச் சட்டம், ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக விரித்து, 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்புடையோருக்கு அரசுப் பணியில் 4 சதவீதமும், அரசு உயர்கல்வி நிலையங்களில் 5 சதவீதமும், 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியும் விதிக்கிறது.

தஞ்சாவூரில் பார்வையற்றோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும் அரசுப் பள்ளிகள் உண்டு. தடித்த தாளில் வலமிருந்து இடமாக ஊசியால் குத்தி, பின் அதைத் திருப்பி இடமிருந்து வலமாக விரல்நுனியால் தடவிப் படிக்கும் பிரெயில் முறையில் தேர்ந்த மாணவர், பொதுத்தேர்வில் தாம் சொல்வதை எழுதித் தருவோரின் உதவியையும் கூடுதல் அவகாசத்தையும் பெறுகின்றனர்.

ஆயினும், நெற்பயிரே பிரதான ஜீவனமான இக்காவிரிப் படுகையில், சேற்றில் குனிந்து நாற்று நட இயலாதவருக்கு, தனியாரைக் கட்டாயப்படுத்தாத அரசுப் பணி ஒதுக்கீடு மாத்திரம் போதாது. ஊரக வேலை உறுதித் திட்டத்தில், வேலைசெய்வோருக்குக் குடிநீர் வழங்குதல், அவர்தம் குழந்தைகளைப் பராமரித்தல் போன்ற இலகுவான பணிகளை இவர்களுக்கென வகுத்தளித்த ஏற்பாடே கிராமத்து ஏழையை உண்மையில் எட்டியது எனலாம்.

கல்வி, உத்தியோகத்துக்கு அப்பால், 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய உள்ளாட்சிச் சட்டத் திருத்தங்கள், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க வழிசெய்தன.