நெறி கட்டிய காலும் யானைக்காலும்

இராஜபாளையத்தில் சிறுவனாயிருந்தபோது கண்மாய்க் கரையில் ஒரு கருவேலமுள் என் குதிகாலில் ஏறிற்று. மறுநாள் காய்ச்சல், கணுக்காலினின்று தொடைவரை செந்நிறக் கோடொன்று ஓடிற்று, தொடையிடுக்கில் நெறி கட்டிற்று. பாட்டி மஞ்சள் பற்றுப் போட்டார். காயத்தின் வழியே நுண்ணுயிர்கள் புகுந்து நிணநீர்க் குழல்கள் அழற்சியுற்றதன் அடையாளமே அக்கோடு என்பதைப் பின்னர் கல்லூரியில் அறிந்தேன். அது யாருக்கும் வரக்கூடியது. வெறுங்காலுடன் உழைப்போர்க்கு மிகுதியாக வரும். எனக்குச் சில நாளில் தணிந்தது.

அவ்வாண்டு ஆடிப்பூரத் தேர் காண ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றோம். தேர் வீதியில், மரநிழலில், யானைக்காலுடன் முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். “முன்வினைப் பயன்” என்றார் எங்களுடன் வந்த பெரியவர், அம்முதியவரின் காதில் விழும்படியே.

இப்பழி மிகப் பழையது. 1583-இல் கோவா வந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன், புனித தோமையாரைக் கொன்றோரின் வழித்தோன்றல்களுக்கு நேர்ந்த சாபமே இந்நோய் என்ற கதையை எழுதிவைத்தார். 1872-இல் கல்கத்தாவில் திமோதி லூயிஸ் மனிதக் குருதியில் நுண்புழுக்களைக் கண்டார். 1877-இல் சீனத்து அமோய் நகரில் பாட்ரிக் மான்சன், அப்புழு கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டார். ஆயினும், கொசு மடிந்து விழுந்த நீரைப் பருகுவதால் நோய் வருகிறதென்றே அவர் கருதினார்! 1900-இல்தான் கொசுவின் உறிஞ்சுகுழலில் புழு காணப்பட்டது.

நம் நாட்டில் இதைப் பெரிதும் பரப்பும் கியூலெக்ஸ் கொசு, சாக்கடை நீரில் பெருகுவது. ஆகவே கழிவுநீர் தேங்கிய தெருக்களின் ஏழை மக்களே மிகுதியாக அல்லலுற்றனர். தமிழகத்தில் கும்பகோணம் இதற்குப் பெயர் பெற்றிருந்தது. குழந்தைப் பருவத்தில் புகும் புழுவின் தீங்கு பல்லாண்டு கழித்தே வெளிப்படும். 1955-இல் இந்திய அரசு தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. எனினும் 2000-ஆம் ஆண்டளவில் உலகில் ஏறத்தாழ 12 கோடிப் பேர் இப்புழுவைத் தாங்கியிருந்தனர். அவர்களுள் 4 கோடிப் பேர் உறுப்பு வீங்கியோ செயலிழந்தோ வாடினர்.

புழுவால் பழுதுற்ற குழல்கள் நிணநீரை வடிக்கமாட்டா. அத்தகைய காலில் விரலிடுக்கின் சிறு வெடிப்பே போதும். என்னைத் தாக்கிய அதே காய்ச்சலும் அழற்சியும் ஆண்டுதோறும் பன்முறை வரும். ஒவ்வொரு முறையும் கால் இன்னும் பருக்கும். நாள்தோறும் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, விரலிடுக்கை ஈரமின்றித் துடைத்துவந்தால் இத்தாக்குதல்கள் பெரிதும் குறைகின்றன.

அன்று அம்முதியவர் தெருக்குழாயில் கால் கழுவ எழுந்தார். குடத்துடன் நின்றவர்கள் விடவில்லை. நானும் என் செப்புக் கூசாவை முதுகுக்குப் பின்னே மறைத்துக்கொண்டேன்.