பினாங்கின் இலத்திரனியற் கைத்தொழிலும் அந்நியத் தொழிலாளரும்: ஒரு வரலாற்று நோக்கு

மலாயா என்னும் பெயர் யாழ்ப்பாணத்து வீடுகளில் ஓய்வூதியத்தோடு சேர்த்தே நினைக்கப்படுவது. புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராகக் கடமையாற்றித் திரும்பியோர் சொன்ன கதைகளே அந்நாட்டைப்பற்றி நம்மிடையே வழங்கும் வரலாற்றின் பெரும்பகுதி எனலாம். அந்நாட்டின் வடமேற்குக் கரையோரத் தீவான பினாங்கு, கடந்த ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக, உலகின் கணனிகளுக்கு வேண்டிய குறைகடத்திச் சில்லுகளைப் பொருத்திச் சோதித்தனுப்பும் களங்களுள் ஒன்றாக விளங்கிவருகின்றமை அத்துணை அறியப்பட்டதன்று. "அந்நியத் தொழிலாளர் உள்நாட்டவரின் வேலையைப் பறிக்கின்றனர்" என்னும் குற்றச்சாட்டு மலேசியாவில் மீண்டும் மீண்டும் எழுவது. அதனைப் பினாங்கின் வரலாற்றோடு வைத்துப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1786 இல் ஆங்கிலேயர் கைப்பட்ட காலந்தொட்டுப் பினாங்கு துறைமுக வணிகத்தால் வாழ்ந்தது. 1963 முதல் 1966 வரை இந்தோனேசியாவுடன் நிலவிய பகைமை அவ்வணிகத்தின் ஒரு பகுதியைத் துண்டித்தது. 1960களின் இறுதியில் சுங்கவரியற்ற துறைமுகம் என்னும் தகுதியும் பறிபோயிற்று. வேலையின்மை நூற்றுக்குப் பதினைந்து வீதத்தை ஒட்டி நின்றது. 1969 மே மாதம் கோலாலம்பூரில் இனக்கலவரம் மூண்டது. இச்சூழலிலேதான் அவ்வாண்டு முதலமைச்சரான லிம் சோங் யூவின் ஆட்சி, பினாங்கு அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தை நிறுவி, ஏற்றுமதிக் கைத்தொழிலை நாடலாயிற்று.

அதே 1969 ஆம் ஆண்டில் நிகழ்ந்த இன்னொரு செய்தியையும் ஈண்டு நோக்குதல் தகும். முந்திய ஆண்டு இயற்றப்பட்ட சட்டமொன்றின்படி, பிரசாவுரிமை பெறாதோர் தொழில்புரிவதற்கு அனுமதிப்பத்திரம் பெறவேண்டியதாயிற்று. இறப்பர்த் தோட்டங்களில் தலைமுறையாக உழைத்த தமிழர் பலரிடம் பிரசாவுரிமைப் பத்திரம் இருக்கவில்லை. அம்மண்ணிலேயே பிறந்தோர் அவர்களுட் பலர்.  சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தையும் 1964 ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தையும் அறிந்த இலங்கை வாசகருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. அந்நியர் எனப்படுவோர் எல்லை கடந்து வந்தோர் மட்டுமல்லர்; இருந்த இடத்திலிருந்தபடியே சட்டத்தால் அந்நியராக்கப்பட்டோரும் உளர். புதிய தொழிற்சாலைகளுக்கு அத்திவாரமிடப்பட்ட காலமும் இம்மக்கள் வெளியேறிய காலமும் ஏறத்தாழ ஒன்றே.

1972 இல் பாயான் லெப்பாஸ் என்னுமிடத்தில் மலேசியாவின் முதலாவது சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. நஷனல் செமிகண்டக்டர், இன்டெல், ஹியூலெற் பக்காட், ஹிற்றாச்சி, பொஷ் முதலிய அமெரிக்க, யப்பானிய, யேர்மன் கம்பனிகள் அடுத்தடுத்து வந்தன. இன்டெல் கம்பனி அமெரிக்காவுக்கு வெளியே அமைத்த முதல் ஆலை இதுவே. தொழிலின் அமைப்பு எளிதில் விளங்கக்கூடியது. சிலிக்கன் தகடுகள் அமெரிக்காவில் உருவாயின. அவை விமானத்தில் பினாங்குக்கு வந்தன. அங்கே தகடு சிறு சில்லுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு சில்லும் அதன் தாங்கியில் ஒட்டப்பட்டு, மயிரிழையினும் மெல்லிய பொற்கம்பிகளால் இணைக்கப்பட்டு, மூடிச் சோதிக்கப்பட்டது. பின் மீண்டும் விமானமேறியது. கம்பி இணைக்கும் வேலையை நுணுக்குக்காட்டியினூடாகக் கண்ணும் கையும் கொண்டே செய்யவேண்டியிருந்தது. இயந்திரம் அதனைச் செய்யும் காலம் இன்னும் வரவில்லை.

அவ்வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். சீனப் பெண்களும் தமிழ்ப் பெண்களும் இருந்தனராயினும், 1971 இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கை மலாய் மக்களைக் கைத்தொழிலுக்குள் கொண்டுவர முனைந்தமையால், வயல்சார்ந்த மலாய்க் கிராமப் பெண்கள் பெருந்தொகையினராகச் சேர்ந்தனர். பெண்கள் இரவில் ஆலைவேலை செய்தலைத் தடைசெய்த சட்டத்திலிருந்து இக்கம்பனிகளுக்கு விலக்களிக்கப்பட்டது. வரிச்சலுகையும் அளிக்கப்பட்டது. தொழிற்சங்க உரிமை மட்டும் அளிக்கப்படவில்லை; மின்கருவித் தொழிலாளருக்கெனத் தேசியச் சங்கம் ஒன்று இருந்தும், இலத்திரனியல் ஆலைப் பெண்கள் அதிற் சேர அனுமதிக்கப்படவில்லை. கம்பனிக்குள் அடங்கும் சங்கம் அமைக்கும் உரிமைகூட 1988 வரை கிட்டவில்லை. ஊரார் இப்பெண்களுக்கு "மினா காரான்" எனப் பெயரிட்டனர். காரான் என்பது மின்னோட்டத்தைக் குறிக்கும் மலாய்ச்சொல். குடும்பத்துக்குச் சோறு கொண்டுவந்த பெண்ணின் நடத்தையைச் சந்தேகிக்கும் ஏளனம் அப்பெயரில் தொனித்தது. கட்டுநாயக்காவில் 1978 இன் பின் எழுந்த வலயத்தையும் அங்குள்ள பெண்களைப்பற்றிப் பேசப்பட்டவற்றையும் அறிந்தோருக்கு இது புதிதன்று.

இப்பெண்களின் துன்பம் வெளிப்பட்ட வகை வியப்புக்குரியது. நுணுக்குக்காட்டியினுள் பேயுருவைக் கண்டதாக ஒருத்தி அலற, அருகிலிருந்தோரும் ஆவேசமுற்று வீழ்வர். ஆலை சிறிது நேரம் நின்றுபோகும். நிருவாகம் சில வேளைகளில் மந்திரவாதியை அழைத்துப் பலி கொடுத்துச் சாந்தி செய்வித்தது. சிலாங்கூர் மாநிலத்து ஆலைகளை ஆராய்ந்த மானிடவியலாளர் ஐவா ஒங் 1987 இல் வெளியிட்ட நூலில் இதனைத் தொழிலொழுங்குக்கெதிரான ஒருவகை எதிர்ப்பென விளக்கினார். சங்கமின்றி வாய்திறக்க இயலாதோர் பேயின் வாயால் பேசினர் என்பது பொருத்தமான விளக்கமாகவே படுகிறது. எனினும், கண் எரிவும் இரவுமுறை வேலையின் களைப்பும் மட்டுமே அதற்குப் போதிய காரணங்களாகும் எனக் கொள்வாரும் உளர்.

எனவே, பினாங்கின் முதல் இருபதாண்டுகளில் அந்நியமாயிருந்தது மூலதனமே, உழைப்பு உள்நாட்டினது. அவ்வுழைப்பு மலிவானது. ஆயினும் அது ஊரிலே தங்கியது என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆலையிற் சேர்ந்த பெண் சில ஆண்டுகளில் மேற்பார்வையாளரானாள். உள்ளூர்ப் பொறியியலாளர் தன்னியக்க இயந்திரங்களை இயக்கவும் திருத்தவும் கற்றனர். ஆலைகளுக்கு உதிரிப்பாகம் செய்துகொடுத்த சிறு பட்டறைகள் காலப்போக்கில் தாமே கம்பனிகளாயின; அவற்றைத் தொடங்கியோருட் சிலர் அந்நியக் கம்பனிகளிலே தொழில் பழகியவர்கள். 1989 இல் ஆலைகளும் அரசும் கல்வியாளரும் இணைந்து பினாங்குத் திறன் அபிவிருத்தி நிலையத்தை நிறுவியபோது, போதிப்பதற்கும் போதிக்கப்படுவதற்கும் ஆட்கள் இருந்தனர்.

1990களில் நிலைமை தலைகீழாயிற்று. வேலையின்மை நீங்கி, ஆட்பற்றாக்குறை தோன்றியது. மலாய்க் கிராமத்துப் பெண்ணின் மகள் பல்கலைக்கழகம் சென்றாள். தாயின் இருக்கையில் அமர அவள் விரும்பவில்லை, அதற்கு அளிக்கப்பட்ட சம்பளமும் அவளை அழைப்பதாயில்லை. அவ்விருக்கைக்கு இந்தோனேசியா, வங்காளதேசம், பின்னர் நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து தொழிலாளர் அழைக்கப்பட்டனர். இவ்வரிசை முக்கியமானது. அந்நியர் வந்ததனால் உள்நாட்டவர் வெளியேறினர் என்பதைவிட, உள்நாட்டவர் விட்டகன்ற விலையிலேயே இருக்கையை நிரப்பும்பொருட்டு அந்நியர் அழைக்கப்பட்டனர் என்பதே வரலாற்றுக்கு இசைவானது.

அவர்கள் வந்த நிபந்தனைகளோ வேறானவை. அனுமதி குறித்த சில ஆண்டுகளுக்கே. முதலாளியை மாற்றல் ஆகாது. குடும்பத்தை அழைத்தல் ஆகாது. திருமணம் செய்தல் ஆகாது. பெண் கருவுற்றால் நாடு திரும்பவேண்டும். முகவருக்குக் கொடுக்கும் பணத்தை ஊரில் வட்டிக்கு வாங்கியே பலர் வந்தனர். கடவுச்சீட்டை வேறொருவர் பிடித்துவைத்தல் 1966 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாயிருந்தும், அது பரவலாக நடந்தது. 2014 இல் வெரிற்றே என்னும் நிறுவனம் மலேசிய இலத்திரனியற் கைத்தொழிலில் 501 தொழிலாளரை நேர்கண்டு வெளியிட்ட அறிக்கை, அவர்களுள் நூற்றுக்கு 28 வீதத்தினர் கட்டாய உழைப்பு நிலையில் இருந்தனர் எனக் கூறியது. சங்கிலியும் சாட்டையும் தேவைப்படவில்லை. கடனும் கடவுச்சீட்டும் போதுமானவையாயிருந்தன. முன்னாளில் நம்மவரைத் தோட்டத்துக்கு இட்டுச்சென்ற கங்காணியின் துண்டு முறையை இது நினைவூட்டுகிறது.

உள்நாட்டவருக்கு நேர்ந்த இழப்பு யாது? 2015 இல் உலகவங்கி வெளியிட்ட ஆய்வொன்று, குறைந்த திறனுடைய அந்நியத் தொழிலாளர் பத்துப்பேர் புதிதாக வருமிடத்து மலேசியருக்கு ஐந்து வேலைகள்வரை தோன்றக்கூடும் எனக் கணித்தது. மேற்பார்வை, கணக்கு, போக்குவரத்து என ஆலையைச் சூழ்ந்த வேலைகள் பெருகுவதே காரணம். கல்வி மிகக் குறைந்த மலேசியரின் சம்பளம் மட்டுமே சற்று வீழ்ந்தது என்பதும் அதன் முடிபு. பறிப்புக் குற்றச்சாட்டு இவ்வாறு பெரும்பாலும் ஆட்டங்காண்கிறது. ஆயினும் சராசரிக் கணக்கினுள் அடங்காத ஓர் இழப்பு உண்டு. பழகிய கை, பழகி முடித்ததும் நாடுகடந்து போய்விடுகிறது. மூன்றாண்டுகள் கற்ற நேபாள இளைஞன் மேற்பார்வையாளனாவதுமில்லை, பட்டறை தொடங்குவதுமில்லை. அவனது இடத்துக்கு இன்னொரு புதியவன் வருகிறான். மலிவான உழைப்பு தடையின்றிக் கிட்டும்போது புதிய இயந்திரத்துக்குச் செலவிட ஆலைக்கும் அவசரமில்லை. 1970களின் மலாய்ப் பெண்ணும் இவ்விளைஞனும் ஒரே மலிவில் வாங்கப்பட்டனர். அவள் தங்க முடிந்தது. அவன் தங்க முடியவில்லை. வேறுபாடு இனத்திலோ ஆற்றலிலோ இல்லை.

அரசின் கொள்கை இவ்விடத்தைத் தொடவேயில்லை. ஆட்கள் தேவைப்பட்டபோது கதவு திறந்தது. 2009 சனவரியில், உலகப் பொருளாதார நெருக்கடியின்போது, ஆலைகளுக்குப் புதிதாக அந்நியரைச் சேர்த்தல் நிறுத்தப்பட்டது. ஆட்குறைப்பில் அந்நியரையே முதலில் நீக்கவேண்டும் எனவும் கூறப்பட்டது. நெருக்கடி தணிந்ததும் கதவு மீண்டும் திறந்தது.

2021 டிசெம்பரில் இன்டெல் கம்பனி மலேசியாவில் 700 கோடி டொலர் முதலீட்டை அறிவித்தது. 2024 மே மாதம் மலேசிய அரசு வெளியிட்ட குறைகடத்திக் கொள்கைத் திட்டம், 60,000 பொறியியலாளரைப் பயிற்றுவிக்கப் போவதாகக் கூறியது. 1969 ஐ அடுத்துக் கப்பலேற்றப்பட்டோரின் தொகையும் ஏறத்தாழ இதுவே. எண் ஒத்திருப்பது தற்செயல் எனினும் வரலாறு படிப்போன் கண்ணில் அது படாமற் போகாது. இப்பொறியியலாளரைப் பயிற்றுவித்தாலும் நிறுத்திவைத்தல் அரிதென்பது பினாங்குக் கம்பனிகளின் முறையீடு. சிங்கப்பூரின் சம்பளம் பன்மடங்கானது. பாயான் லெப்பாசிற் பழகிய மலேசியர் பலர் தெற்கே சென்று, அங்குள்ள சில்லு ஆலைகளில், அனுமதிப்பத்திரத்துடன், அந்நியத் தொழிலாளராகவே கடமையாற்றுகின்றனர்.